சீல் வைத்த சாம்பிள்

தாளாளர் ராஜவேல் தூங்கிக்கொண்டிருந்ததால் பள்ளிகளின் கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பரிசளிப்புக்கு எழுப்பினார்கள். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டக் கைகளை உயர்த்தினார். எட்டவில்லை. எதிரில் நின்றவன் குனிந்தான். அப்படியும் எட்டவில்லை. இன்னும் குனிந்தான்.

"ஏனுங்க கண்ணு, நீங்க எத்தன இன்ச்சு?" என்று கேட்டார்.

"அளந்து பாக்கலைங்கய்யா," என்றான் இசக்கிமுத்து.

அன்று அவன் முப்பத்தொரு புள்ளி எடுத்திருந்தான். அதை அவர் கேட்கவில்லை.

ராஜவேலுக்கு ஒரு பனியன் கம்பெனியும் ஒரு கலை அறிவியல் கல்லூரியும் இருந்தன. கல்லூரியின் பெயர் நீளமானது. அதில் அவருடைய தந்தை, தாய், குலதெய்வம் மூவரும் இருந்தார்கள். பேருந்துக்காரர்கள் உட்பட எல்லோரும் அதைக் கல்லூரி என்றே சொன்னார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இசக்கிமுத்துவை வரச் சொன்னார்கள். கல்லூரிக்கு அல்ல, கம்பெனிக்கு. அங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவி அனுசுயா காத்திருந்தாள். பதினான்கு ஆண்டுகளாக டி-ஷர்ட் அளப்பவள். அவனைச் செக்கிங் மேசைமேல் படுக்கச் சொன்னாள். சுருக்கம் இல்லாமல் படுக்கச் சொன்னாள். கையால் நீவிவிட்டாள். பிறகு டேப்பை எடுத்து அளந்தாள். தோள், மார்பு, கை நீளம், கழுத்து இறக்கம். மொத்த நீளம் எழுபத்தேழே முக்கால் இன்ச். அரை இன்ச் கூடலாம், அரை இன்ச் குறையலாம் என்று அருகில் எழுதினாள்.

"நல்லா பந்து போடுவேன்க்கா," என்றான் இசக்கிமுத்து.

அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். அதற்குக் கட்டம் இல்லை.

அவன் சட்டைப் பொத்தானில் ஒரு பச்சைச் சீட்டைக் கட்டினாள். அதில் 'ஓகே' என்று இருந்தது.

ஒப்பந்தம் நான்கு பக்கம். கம்பெனியில் சாம்பிள் அனுப்பும்போது எழுதும் ஒப்பந்தம்தான். 'துணி' என்று வரும் இடங்களில் எல்லாம் கணினியில் 'மாணவர்' என்று மாற்றியிருந்தார்கள். மாணவரை வெயிலில் வைக்கக் கூடாது. மாணவரை நாற்பது டிகிரிக்கு மேல் துவைக்கக் கூடாது. மாணவரை எவரும் அணியக் கூடாது. இசக்கிமுத்து நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். அவன் படிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். பல்கலைக்கழக மண்டலப் போட்டியில் கல்லூரிக்காக ஆட வேண்டும். மண்டலத்தில் ஆடினால் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம். அந்த அணிக்குள் போனால் ரயில்வே அணி கூப்பிடும். இதைப் பள்ளியில் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஆனால் மண்டலத்தில் ஆட ஒரு கல்லூரி வேண்டும்.

கல்லூரி கிடைத்துவிட்டது.

முதல் நாள் உடற்கல்வி இயக்குநர் செந்தில்வேல் அவனை மைதானத்துக்கு அழைத்துப் போனார். கூடைப்பந்துத் தளம் வெளிநாட்டிலிருந்து வந்தது. நீல நிறம். அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்து ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தது.

"இத எப்ப சார் பிரிப்பாங்க?"

"பிரிக்கச் சொல்லி ஆர்டர் வரலப்பா," என்றார் செந்தில்வேல். அவர் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். இப்போது ஆர்டருக்குக் காத்திருப்பவர்.

அன்று மதியம் தாளாளர் வந்தார். இசக்கிமுத்துவைத் தன் அறைக்கு அழைத்தார். சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் டி-ஷர்ட்டுகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் அரக்கு முத்திரை. அவற்றைக் காட்டிப் பேசினார்.

"சாம்பிள்னா என்னங்க கண்ணு? சரக்கு வாங்கற பையர் பாத்து, தொட்டு, ஓகே பண்ணி, சீல் வெச்ச பீஸு. இதப் பாத்துத்தான் லட்சம் பீஸு பல்க் ஓட்டறோம். அதுக்குன்னு இந்த ஒரு பீஸ யாராச்சும் போட்டுக்கிட்டுச் சந்தைக்குப் போவாங்களா? போனா அது சாம்பிள் இல்லீங்க, அழுக்குத் துணி. நீங்க சாம்பிளுங்க சாமி. அழுக்காகக் கூடாது."

"நான் ஆட வந்தேனுங்கய்யா."

"ஆடறதுக்குப் பல்க் வரும்," என்றார் தாளாளர்.

பெட்டியில் தொங்கவிட முடியாது என்பதால் இசக்கிமுத்துவுக்கு வரவேற்பறையில் ஒரு நாற்காலி போட்டார்கள். குளிர்சாதனம் நேராக அவன்மேல் வீசியது. பத்து மணிமுதல் நான்கு மணிவரை சீருடையில் உட்கார வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் யாராவது இருந்தால் எழுந்து நிற்க வேண்டும். பெற்றோர் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு விண்ணப்பம் வாங்குவார்கள்.

வகுப்புக்குப் போக வேண்டாம் என்றார்கள். வருகைப்பதிவு முழுதாகப் போட்டார்கள். மாதம் ஒருமுறை அனுசுயா ஷேடு கார்டோடு வந்து அவன் முழங்கை நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். நிறம் மாறவில்லை என்று எழுதினாள்.

பல்க் வரவில்லை. சாம்பிளைப்போலவே பதினோரு பேர் வேண்டும் என்று உத்தரவு. எழுபத்தேழே முக்கால் இன்ச், கூட்டியோ குறைத்தோ அரை இன்ச். செந்தில்வேல் மூன்று மாவட்டம் சுற்றினார். அந்த அளவில் ஒருவர் கிடைத்தார். அவர் ஆடு வியாபாரி, வயது நாற்பத்தாறு. பேரம் படியவில்லை.

கடைசியில் ஆடத் தெரிந்த பதினோரு பேரைப் பிடித்துக் கொண்டுவந்தார். அவர்களில் குகன் என்பவன் உள்ளூர், ராயபுரத்துக்காரன். அறுபத்தொன்பது இன்ச். பந்தோடு ஓடினால் பந்து எங்கே, ஆள் எங்கே என்று தெரியாது. அனுசுயா அவனை மேசைமேல் படுக்க வைத்து அளந்தாள். நீளம் எட்டே முக்கால் இன்ச் குறைவு என்று எழுதினாள்.

"ஒட்டுப் போட்டுக்கலாமுங்களா அக்கா?" என்று கேட்டான் குகன், படுத்தபடியே.

"ஒட்டுப் போட்ட பீஸ பையர் எடுக்க மாட்டாங்க தம்பி," என்றாள் அனுசுயா. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

பதினோரு பேரும் ரிஜெக்ட் ஆனார்கள். ஆனால் கல்லூரியில் சேர்ந்தாயிற்று, திருப்பி அனுப்ப வழியில்லை. ஏட்டில் 'செகண்ட்ஸ்', அதாவது இரண்டாம் தரம், என்று ஒரு பக்கம் ஒதுக்கி அவர்கள் பெயரை எழுதினார்கள். செகண்ட்ஸ் நீலத் தளத்தின் பக்கம் வரக் கூடாது. அவர்கள் மாலையில் ராயபுரத்தில் ஒரு பழைய சிமெண்ட் தளத்தில் ஆடினார்கள். வளையம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. வலை இல்லை.

இசக்கிமுத்து சில நாள் அங்கே போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். உள்ளே போனால் வியர்க்கும்.

"உள்ள வாடா," என்பான் குகன்.

"எழுதிக் குடுத்துருக்கேன்டா."

"எழுதிக் குடுத்தவன் ஏன்டா வேலியப் புடிச்சுக்கிட்டு நிக்கற? துருப் புடிச்ச கம்பி. கையி அழுக்காயிருமுங்க சாமி, உடுங்க." தாளாளர் குரலிலேயே சொல்வான். பதினோரு பேரும் சிரிப்பார்கள். இசக்கிமுத்துவும் சிரிப்பான். பிறகு கையைப் பார்த்துக்கொள்வான்.

இரண்டாம் ஆண்டில் பயிற்சி தொடங்கியது. ஏட்டில் தொடங்கியது. தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, ஆண்டுக்கு இருநூறு நாள் பயிற்சி நடந்ததற்கு இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முதல்வர் சித்ராதேவி ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினார். கண்ணாடித்தாள்மேல் கம்பளம் விரித்தார்கள். இசக்கிமுத்துவை ஒரு ஸ்டூல்மேல் ஏற்றினார்கள். பந்தைத் தலைக்குமேல் தூக்கி, இடக்காலை முன்வைத்து, சிரிக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்டூலைக் கணினியில் அழித்தார்கள்.

அன்று அவன் நாற்பது சீருடை மாற்றினான். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படம். இருநூறு நாள் பயிற்சி மாலை ஐந்தரைக்கு முடிந்தது. மழைநாள் பயிற்சிக்கு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கலாம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். சாம்பிள் நனையக் கூடாது என்பதால் செந்தில்வேலை நிற்கவைத்து அடித்தார்கள்.

அன்றைக்குப் பிறகு யார் பந்தைக் கையில் கொடுத்தாலும் இசக்கிமுத்துவின் இடக்கால் தானாக முன்னே போனது.

அவனைக் கல்லூரி விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். வீடு நல்லூரில். அப்பா அயர்னிங் மாஸ்டர். அம்மா சின்னத்தாய் ஒரு யூனிட்டில் பீஸ் செக் பண்ணுகிறவள். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து பத்தொன்பது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. மகன் ஆடுவதைப் பார்க்க ஒருநாள் லீவு போட வேண்டும், எந்த நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு வருடம் அவன் ஏதேதோ சொன்னான். மூன்றாம் வருடம் உண்மையைச் சொன்னான்.

"ஆட விடலியா? பின்ன எதுக்குய்யா சேத்தாவ?"

"சாம்பிளாம்மா."

சின்னத்தாய் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அவள் நன்றாக அறிவாள்.

"சீசன் முடிஞ்சா சாம்பிள் எங்க போவும்னு தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டாள். "மெசினு தொடைக்க. எண்ணெயத் தொடச்சு, சுருட்டி, மூலைல எறிஞ்சிருவாவ. அதுல சீலு அப்படியே இருக்கும். நான் கண்ணால பாத்துருக்கேன்."

மறுநாள் அவன் தாளாளரைப் பார்க்கப் போனான். மண்டலப் போட்டி ஜனவரி பத்தாம் தேதி வெள்ளகோவிலில் தொடங்குகிறது. பெயர் கொடுக்கக் கடைசி நேரம் ஒன்பதாம் தேதி மாலை ஐந்து மணி. இது அவனுக்குக் கடைசி ஆண்டு. இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, "ஒரே ஒரு மேட்ச் ஆடிக்கறேனுங்கய்யா," என்றான்.

தாளாளர் அவனை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால்தான் முகம் பார்த்துப் பேச முடியும்.

"சரிங்க. ஆடறீங்க. தோத்துட்டீங்கன்னா?"

"ஜெயிச்சுட்டா?"

"ஜெயிச்சா அடுத்த மேட்ச்சு. அதுல தோத்துட்டீங்கன்னா? அதுலயும் ஜெயிச்சா அதுக்கடுத்தது. நானும் விசாரிச்சேனுங்க. நூறு டீமு வருது. கடசில ஒரு டீமு நிக்குது. மிச்சம் தொண்ணூத்தொம்போதும் தோத்த டீமு. நூறு பீஸு போட்டு தொண்ணூத்தொம்போது ரிஜெக்ட் ஆகற தொழில முப்பது வருசத்துல நான் பாத்ததில்லீங்க. இத ஊரே கைதட்டிப் பாக்குது."

சிறிது நேரம் உண்மையிலேயே வருந்தினார். பிறகு சொன்னார்:

"ஒம்போதாந்தேதி கமிட்டி வருதுங்க. அவங்க போகட்டும். அப்பறம் பாக்கலாம்."

"ஒம்பதாந்தேதி அஞ்சு மணிக்கு முடியுதுங்கய்யா."

"கமிட்டியும் அஞ்சு மணிக்குத்தானுங்க போகுது," என்றார் தாளாளர், சமாதானமாக.

ஒன்பதாம் தேதி காலை ஆறு மணிக்கே இசக்கிமுத்துவை வாசலில் நிறுத்தினார்கள். பந்து தலைக்குமேல். இடக்கால் முன்னால். குழு பதினொன்றுக்கு வந்தது. மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற துணைவேந்தர். அவர் இசக்கிமுத்துவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது சிலையா என்று கேட்டார். மாணவர் என்றார்கள். குறித்துக்கொண்டார்.

பகல் முழுவதும் கோப்புகள் பார்த்தார்கள். விளையாட்டுத் துறைக்கு மட்டும் நாற்பத்திரண்டு கோப்பு. செக்கிங் மேசை ஒன்றைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, அதன்மேல் அவற்றை அடுக்கியிருந்தார்கள். மூன்றரை மணிக்கு முதல்வர் சித்ராதேவி உரையாற்றினார்.

"எங்கள் கூடைப்பந்து அணி தொடங்கப்பட்ட நாள்முதல் ஒரு போட்டியில்கூடத் தோற்றதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு வீரருக்குக்கூடக் காயம் ஏற்பட்டதில்லை. நடுவர்மீது ஒரு புகார்கூட எழுந்ததில்லை. மூன்று ஆண்டுகளுக்குமுன் வாங்கிய பன்னிரண்டு பந்துகளும் இன்றும் அதே காற்றோடு இருக்கின்றன."

குழுவினர் கை தட்டினார்கள். தலைவர் எழுந்து பதிலுரைத்தார். தாம் நூற்று நாற்பது கல்லூரிகளைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"பல இடங்களில் ஒரு வருத்தமான நிலையைக் கண்டேன். மாணவர்கள் ஆடிக்கொண்டே இருக்கிறார்கள். பதிவேட்டை எடுத்தால் ஒன்றும் இல்லை. வியர்வை இருக்கிறது, சான்று இல்லை. வியர்வைக்கு நாங்கள் எப்படி மதிப்பெண் போடுவது? இங்கே சான்று இருக்கிறது. வேறெதுவும் குறுக்கே வரவில்லை."

எல்லாம் முடிந்ததுபோல் இருந்தது. அப்போது உறுப்பினர்களில் ஒருவர், அதுவரை பேசாதவர், கடைசிக் கோப்பை மூடிவிட்டு ஒரு நடைமுறையை நினைவூட்டினார். கோப்பில் உள்ள பொருளும் நேரில் உள்ள பொருளும் ஒன்றுதான் என்று நேரடியாகச் சரிபார்க்க வேண்டும். ஏதாவது ஒன்றைச் சரிபார்த்தால் போதும். அவர் இசக்கிமுத்துவைத் தேர்ந்தெடுத்தார். மற்றவை தூரத்தில் இருந்தன.

வாசலிலிருந்து அவனை உள்ளே கூட்டிவந்து அனுசுயாவை அழைத்தார்கள். மேசைமேல் கோப்புகள் இருந்ததால் அவனை நிற்கவைத்தே அளந்தாள். ஒரு பேராசிரியர் நாற்காலியில் ஏறி டேப்பின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டார். துணியைத் தொங்கவிட்டால் நீளும். படுத்திருந்த ஆளை நிற்கவைத்தால் குறைவான், பத்து மணி நேரம் நின்றவன் இன்னும் குறைவான். இது அங்கே யாருக்கும் தெரியாது. அனுசுயா மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் எழுபத்தாறே முக்கால்.

"ஒரு இன்ச் சுருக்கம்," என்றாள்.

அந்த ஊரில் சிலரை அழவைத்த சொல் அது. கன்டெய்னர்கள் அதைக் கேட்டுக் கடலில் பாதிவழி போய்த் திரும்பியிருக்கின்றன. தாளாளர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக எழுந்து இசக்கிமுத்துவிடம் வந்தார்.

"ஏனுங்க கண்ணு, வாஷ் பண்ணுனீங்களா?"

"தெனமும் குளிப்பேனுங்கய்யா."

"பச்சத் தண்ணிலீங்களா, சுடு தண்ணிலீங்களா?"

"ஹாஸ்டல்ல ஹீட்டர் இருக்குதுங்கய்யா."

தாளாளர் செந்தில்வேலைப் பார்த்தார். செந்தில்வேல் தரையைப் பார்த்தார். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தை முதல்வர் எடுத்துப் படித்தார். நாற்பது டிகிரி என்று தெளிவாக இருந்தது. மூன்று ஆண்டுகளாகச் சாம்பிளை அனுமதியின்றிச் சுடுநீரில் நனைத்ததற்காக விடுதிக் காப்பாளரிடமும் உடற்கல்வி இயக்குநரிடமும் விளக்கம் கேட்கப்படும் என்று அறிவித்தார்.

குழுத் தலைவர் நெகிழ்ந்துபோனார். தன் குறையைத் தானே கண்டுபிடித்து, எங்கள் முன்னிலையிலேயே களையும் நிறுவனத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, சிறந்த நடைமுறை என்ற தலைப்பில் முழு மதிப்பெண் போட்டார். நான்கேகாலுக்கு முந்திரி பக்கோடா வந்தது.

பச்சைச் சீட்டை அவிழ்த்துச் சிவப்புச் சீட்டைக் கட்டினார்கள். கம்பெனி விதிப்படி ரிஜெக்ட் ஆன சரக்கு அன்று மாலைக்குள் வளாகத்தைவிட்டு வெளியேற வேண்டும். வெளியே போகும் சரக்கில் கம்பெனியின் பெயர் இருக்கக் கூடாது. எனவே லேபிளை வெட்டிவிட்டு அனுப்புவார்கள். அனுசுயா நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்துவின் நெஞ்சருகே நின்று, சீருடையிலிருந்து கல்லூரியின் பெயரைச் சதுரமாக வெட்டத் தொடங்கினாள். பெயர் நீளம். நேரமெடுத்தது.

"ஆடாம நில்லு தம்பி," என்றாள்.

"மூணு வருசமா அப்படித்தான்க்கா நிக்கேன்."

அவள் ட்ரிம்மரை நிறுத்தி அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள். டேப் இல்லாமல் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. பிறகு மீதியை வெட்டினாள்.

வெளியேற்றப் பதிவேட்டை நிரப்ப வேண்டியவர் செந்தில்வேல். ஒரு சரக்குக்காக வண்டி எடுக்க முடியாது, கிடப்பிலுள்ள செகண்ட்ஸையும் சேர்த்து அனுப்புக என்று முதல்வர் சொன்னார். செந்தில்வேல் எண்ணினார். பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு. கூடைப்பந்து அணிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். அந்தக் கட்டடத்தில் இதை அவர் ஒருவர்தான் கவனித்தார். வெளியே சொல்லவில்லை.

அனுப்பும் இடம் என்ற கட்டத்தில் வெள்ளகோவில் என்று எழுதினார். பெறுபவர் என்ற கட்டத்தில் மண்டல விளையாட்டுச் செயலாளர் என்று எழுதினார். இணைப்பாகப் பெயர்ப் பட்டியல் வைத்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்ததால் முதல்வர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். அதைப் படம் எடுத்துச் செந்தில்வேல் அந்தச் செயலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியபோது மணி நான்கு ஐம்பத்தாறு.

மற்றப் பதினோரு பேரின் சீருடையிலும் பெயரை வெட்டி டெம்போவில் ஏற்றினார்கள். ஏறியபிறகுதான் செந்தில்வேல் பையன்களிடம் சொன்னார்.

"எங்க சார் போறோம்?" என்று கேட்டான் குகன்.

"மண்டலம்."

டெம்போ அவிநாசிபாளையம் தாண்டியபிறகு குகன் இசக்கிமுத்துவின் நெஞ்சிலிருந்த சதுர ஓட்டைக்குள் விரலைவிட்டு ஆட்டினான். "சாமி, காத்து வருதுங்களா?" என்றான். அதன்பிறகு வெள்ளகோவில்வரை கத்திக்கொண்டே போனார்கள்.

மறுநாள் காலை முதல் ஆட்டம். பன்னிரண்டு பேரின் நெஞ்சிலும் ஓட்டை. அறிவிப்பாளர் கல்லூரியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இசக்கிமுத்து குதித்துத் தட்டினான். குகன் எடுத்துக்கொண்டு ஓடினான். வளையத்தருகே வந்து இசக்கிமுத்துவிடம் கொடுத்தான். எதிரில் ஆளில்லை.

இசக்கிமுத்து பந்தைத் தலைக்குமேல் தூக்கினான். இடக்காலை முன்வைத்தான். சிரித்தான். அப்படியே நின்றான்.

மூன்று எண்ணிவிட்டு நடுவர் விசில் அடித்தார். பந்து எதிரணிக்குப் போனது. கூட்டம் சிரித்தது.

குகன் அருகில் வந்தான். "டேய், போட்டோக்காரன் வரலடா," என்றான். "பந்த உள்ள போடு."

அடுத்த முறையும் இடக்கால் முன்னே போனது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு எறிந்தான். பந்து பலகையில்கூடப் படவில்லை. நான்காவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது. எட்டாவது நிமிடத்தில் ஒருவன் இடித்ததில் விழுந்தான். முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. எழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திய்யா," என்று ஒரு குரல் கேட்டது. முந்தின இரவு அவன் ஃபோனில் சொன்னதும் சின்னத்தாய் லீவு போட்டிருந்தாள். முதல் பேருந்தில் வந்து பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "செக் பண்ணுனது போதும், எந்தி."

எழுந்தான். இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதலாவது வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே போனது. இரண்டாவது உள்ளே விழுந்தது. அதன்பிறகு கை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டது. பலகையில் பட்டுத் திரும்பும் பந்துகளை அவன்தான் பிடித்தான். கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் பதினோரு புள்ளி. எதிரணிப் பயிற்சியாளர் அந்த நெட்டை ஓட்டைச் சட்டைக்கு இரண்டு பேரை நிறுத்தும்படி கத்தினார். செந்தில்வேல் கோட்டுக்கு வெளியே, ஆர்டர் எதுவும் இல்லாமல், கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். சின்னத்தாய் பக்கத்திலிருந்த பெண்ணிடம் இப்போது யாருக்கு அதிகம் என்று ஒவ்வொரு பந்துக்கும் கேட்டாள்.

ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்திரண்டு. தோற்றார்கள்.

முடிவு பல்கலைக்கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. லேபிளை வெட்டியது சட்டையில்தான். பட்டியலில் கல்லூரியின் பெயர் முழு நீளத்தில் இருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனி வண்டியில் அனுசுயா வந்து இறங்கினாள். கையில் ஒரு படிவம்.

இசக்கிமுத்து மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முழங்காலில் மஞ்சள் பூசியிருந்தது. சின்னத்தாய் சாப்பாட்டை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

அது சேதப் படிவம். பொருள்: தோல்வியறியாத அணி, ஒன்று. சேதம்: தோல்வி. சேதம் எந்த நிலையில் நேர்ந்தது, கட்டிங்கா, தையலா, வாஷிங்கா, அயர்னிங்கா, பேக்கிங்கா, ஒன்றில் டிக் செய்யவும்.

"வாஷிங்னுதான் சார் நெனக்கிறாரு," என்றாள் அனுசுயா. "நீ உன் வாயால சொல்லணுமாம்."

இசக்கிமுத்து பேனாவை வாங்கினான். ஐந்தையும் கோடிட்டு அடித்தான். பக்கத்தில் இருந்த இடத்தில் 'ஆட்டத்தில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தாளில் அவன் கை மஞ்சள் ஒட்டியது.

அனுசுயா அதைத் துடைக்கவில்லை. சின்னத்தாய் ஒரு தட்டை நீட்ட, வாங்கிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கும் இருக்காமே?"

"மொதல்ல லீக்குக்கா. தோத்தாலும் இன்னும் ரெண்டு மேட்ச் இருக்கு. நாளைக்கு ஒண்ணு."

"அத ஜெயிச்சிருவீங்களான்னு சார் எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு. அவருக்கு இப்பவே தெரியணுமாம்."

இசக்கிமுத்து தளத்தைப் பார்த்தான். அடுத்த ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நாளைய எதிரணி. நல்ல உயரம், நல்ல வேகம்.

"தெரியலக்கா," என்றான்.

"தெரியலன்னே எழுதட்டா?"

"அப்படியே எழுதுங்க," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.